பசிபிக் தீவு நாடுகளின் வெளியுறவுப் பேரம்: விற்பது என்ன, வழுக்குவது எங்கே?

நெய்தல்மணி கேட்டது:

வணக்கம். பசிபிக் தீவு நாடுகள் பற்றிய செய்திகளை விடாமல் படித்தும் ஒரு விஷயம் பிடிபடவில்லை. 2019 செப்டம்பர் 16 அன்று சாலமன் தீவுகள் தைவானைக் கைவிட்டு பெய்ஜிங் பக்கம் போனது. நான்கே நாளில் கிரிபாட்டியும் போனது. 2024 ஜனவரி 15 அன்று நௌரு. நடுவே 2022 ஏப்ரலில் சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தமே போட்டது. பசிபிக் சீனாவின் கைக்குப் போய்விட்டது என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு துவாலு, நௌரு, பாப்புவா நியூ கினி மூன்றும் ஆஸ்திரேலியாவோடு போட்ட உடன்படிக்கைகளைப் பார்த்தால் காற்று எதிர்ப்பக்கம் அடிப்பதுபோல் இருக்கிறது. நௌரு இரண்டு பட்டியலிலும் இருக்கிறது! இது எப்படி?

வல்லரசுகளின் போட்டி முற்றினால் சிறிய நாட்டின் பேரம் பேசும் வலு தானாகக் கூடிவிடுமா? இந்த ஒப்பந்தங்களைப் படிக்கும்போது எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்? பொத்தாம்பொதுவான 'சமநிலை ராஜதந்திரம்' விளக்கம் வேண்டாம். ஆண்டு, தொகை, ஷரத்து என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

கடலோடி பதில்:

இவர்களிடம் விற்க என்ன சரக்கு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் பாதி குழப்பம் தீரும். நிலம் கிடையாது. கிரிபாட்டியின் (எழுதுவது அப்படி, அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிரிபாஸ்) மொத்த நிலம் 811 சதுர கி.மீ. அதன் கடல் மண்டலம் சுமார் 35 லட்சம் சதுர கி.மீ. இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. ஆகவே சரக்கு நான்கு: சீனா, தைவான் இரண்டில் யாரை நாடாக அங்கீகரிக்கிறோம் என்பது, அதோடு சேர்ந்த ஐநா வாக்கு, மீன்பிடி உரிமை, வரைபடத்தில் இருக்கும் இடம்.

இவை நான்கும் ஒரே மாதிரிச் சரக்கு அல்ல. மீன்பிடி உரிமையை வருடா வருடம் குத்தகைக்கு விடலாம். அங்கீகாரத்தை ஒருமுறைதான் நல்ல விலைக்கு விற்க முடியும். நௌருவைப் பாருங்கள்: 1980-இல் தைவான், 2002-இல் பெய்ஜிங், 2005-இல் மறுபடி தைவான், 2024-இல் மறுபடி பெய்ஜிங். கடைசித் தாவல் தைவான் அதிபர் தேர்தல் முடிந்து இரண்டே நாளில் வந்தது. அந்த நாள்தான் பெய்ஜிங்குக்கு மதிப்பு. தாவி முடித்த பிறகு? பழைய வாடிக்கையாளர் போய்விட்டார். புதியவருக்கு இனி ஏலத்தில் கூட்டிக் கேட்க அவசியமில்லை. 2019-இல் தைவானுக்கு இந்தப் பகுதியில் ஆறு நாடுகள் இருந்தன. இப்போது மார்ஷல் தீவுகள், பலாவ், துவாலு என்று மூன்று. மிச்சமிருப்பவர்கள் தைவானிடம் கேட்கக்கூடிய விலை ஏறியிருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

அங்கீகாரத்தைத் தாவாமல் வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. 2015-இல் பலாவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் பாதிக்கும் மேல் சீனர்கள். 2017 இறுதியில் குழுச் சுற்றுலாவை பெய்ஜிங் நிறுத்தச் சொன்னது. ஹோட்டல்கள் காலியாகின. சுற்றுலாவை நம்பிய நாட்டில் அது பெரிய அடி. பலாவ் அசையவில்லை என்றால், அதற்குக் காரணம் அதன் முதுகுக்குப் பின்னால் அமெரிக்கப் பணம் இருந்தது.

அந்தப் பணம்தான் நான்காவது சரக்கின் விலை. பலாவ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியக் கூட்டாட்சி மூன்றும் அமெரிக்காவோடு 'சுதந்திர இணைப்பு' ஒப்பந்தத்தில் இருக்கின்றன. வேறு எந்த நாட்டின் ராணுவமும் உள்ளே வராமல் தடுக்கும் உரிமை வாஷிங்டனுக்கு. பதிலுக்கு அவர்கள் குடிமக்கள் அமெரிக்காவில் விசா இல்லாமல் வாழலாம், வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சில் இது 20 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது: மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 710 கோடி டாலர். அமெரிக்கா வாங்குவது பெரும்பாலும் 'மற்றவன் வராமை'யைத்தான். மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்தீவில் ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கிறது, அது தனி.

போட்டியால் வலு கூடுமா என்றால், ஒரு பழைய உதாரணம் இன்னும் செல்லும். 1980-களிலும், சூரை (டூனா) இடம்பெயரும் மீன், ஆகவே கரையோர நாடு அதற்கு உரிமை கொண்டாட முடியாது என்பது அமெரிக்காவின் வாதம். 1984-இல் சாலமன் தீவுகள் 'ஜீனெட் டயானா' என்ற அமெரிக்கச் சூரைக் கப்பலைப் பிடித்தது. வாஷிங்டன் பதிலுக்குச் சாலமன் மீனுக்கு இறக்குமதித் தடை போட்டது. அதுவரை தீவுகளின் முறையீடு எதுவும் எடுபடவில்லை. 1985-இல் கிரிபாட்டி சோவியத் யூனியனோடு மீன்பிடி ஒப்பந்தம் போட்டது, பின்னாலேயே வனுவாட்டு. 1987-இல் அமெரிக்கா இறங்கிவந்து தென் பசிபிக் சூரை உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. சோவியத் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குமேல் நீடிக்கவில்லை. ஆனால் அமெரிக்க உடன்படிக்கை இன்றும் இருக்கிறது. போட்டி, கதவைத் திறக்கத்தான் உதவியது. உள்ளே போனபின் ஆண்டுதோறும் பணம் வரும் ஏற்பாடாக அதை மாற்றிக்கொண்டது தீவுகளின் கெட்டிக்காரத்தனம்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

கடலோடி மீனைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். உண்மையில் இந்தப் பகுதியின் மிக வெற்றிகரமான வெளியுறவுக் கொள்கை அதுதான், அதைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதுவதில்லை.

1982-இல் போட்ட நௌரு உடன்பாட்டில் எட்டு நாடுகள்: மைக்ரோனேசியா, கிரிபாட்டி, மார்ஷல், நௌரு, பலாவ், பாப்புவா நியூ கினி, சாலமன், துவாலு. உலகில் பிடிபடும் வரிச்சூரை என்ற சூரை வகையில் ஏறத்தாழ பாதி இவர்கள் கடலில். தனித்தனியாக உரிமம் விற்றவரை, 'நீ குறைக்காவிட்டால் பக்கத்து நாட்டில் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லியே கப்பல்காரர்கள் விலையை அடித்துவந்தார்கள். 2007-இல் 'கப்பல் நாள்' முறை வந்தது. இது வேலை செய்யும் விதம்:

எட்டு நாடுகளின் கடலிலும் சுருக்குமடிக் கப்பல்கள் ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை நாள் மீன்பிடிக்கலாம் என்று முதலில் உச்சவரம்பு போடுகிறார்கள். சுமார் 45,000 நாள். அதை நாடுகளுக்குள் பங்கு பிரிக்கிறார்கள். கப்பல்காரர் நாட்களை வாங்க வேண்டும். 50 மீட்டருக்குக் குறைந்த கப்பல் ஒரு நாள் பிடித்தால் கணக்கில் அரை நாள் கழியும். 50 முதல் 80 மீட்டர்வரை ஒரு நாள். 80-ஐத் தாண்டினால் ஒன்றரை நாள். பெரிய கப்பல் கட்டிவந்து ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போகும் தந்திரத்துக்கு இது பூட்டு. 2015 முதல் அடிமட்ட விலை நாளுக்கு 8,000 டாலர். நல்ல நாட்கள் அதற்கு மேலும் போகும். 2010 வாக்கில் எட்டு நாடுகளும் சேர்ந்து பெற்றது சுமார் 6 கோடி டாலர். சில ஆண்டுகளில் அது 50 கோடியை நெருங்கியது. மீனின் எண்ணிக்கை எட்டு மடங்கு ஆகிவிடவில்லை, விற்கும் விதம்தான் மாறியது.

வாங்குபவர்கள் யார்? தைவான், சீனா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, ஐரோப்பியர் எல்லோரும். அங்கீகாரம் மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுத்து இன்னொருவரை இழக்க வேண்டியதில்லை.

எங்கே ஒழுகுகிறது? முதலாவது, 'மீன்பிடிக்காத நாள்' என்று கப்பல்காரர் கோருவது. எந்திரக் கோளாறு, வெறும் பயணம் என்று சொல்லி நாளைக் கழிக்கச் சொல்வார்கள். அதனால்தான் சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் கண்காணிப்பாளரும் செயற்கைக்கோள் தடங்காட்டியும் கட்டாயம். இரண்டாவது, எல் நினோ ஆண்டில் சூரை கிழக்கே கிரிபாட்டி பக்கம் நகரும். லா நினா ஆண்டில் மேற்கே பாப்புவா நியூ கினிக்குத் திரும்பும். ஒருவரிடம் நாள் மிஞ்சும், மற்றவரிடம் தீரும். நாடுகளுக்குள் நாட்களைக் கைமாற்றிக்கொள்ள விதி இருப்பதால் கூட்டணி உடையாமல் நிற்கிறது. மூன்றாவது, கடல் சூடேறச் சூடேறச் சூரை நிரந்தரமாகவே கிழக்கு நோக்கி, யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்குப் போகும் என்ற கணிப்பு. அங்கே நாள் விற்க முடியாது.

தீவு மூழ்கினால் கடல் எல்லையும் சுருங்குமே என்ற கேள்விக்கு 2021 ஆகஸ்டில் இந்த நாடுகளின் பிராந்திய அமைப்பான பசிபிக் தீவுகள் மன்றம் ஒரு பிரகடனம் போட்டது: ஒருமுறை அறிவித்த கடல் எல்லை, நீர்மட்டம் உயர்ந்தாலும் மாறாது. கேட்க அலங்காரப் பேச்சு மாதிரி இருக்கும். கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பெரும்பகுதி மீன் உரிமத்திலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் அது பட்ஜெட் ஆவணம்.

---

ஷரத்துவாசகன் பதில்:

நௌரு ஏன் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது என்பதற்கு வருகிறேன். 2024 ஜனவரியில் அங்கீகாரம் பெய்ஜிங்குக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு உடன்படிக்கை: ஐந்து ஆண்டுகளில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் பட்ஜெட் உதவி, காவல்துறைக்கு 4 கோடி. பதிலுக்கு, பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளில் மூன்றாம் நாடு நுழைய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவும் சம்மதிக்க வேண்டும். தீவில் இருந்த ஒரே ஆஸ்திரேலிய வங்கிச் சேவை மூடப்படும் நிலையில் இருந்தபோது இது நடந்தது. வங்கி இல்லாத நாட்டுக்கு வங்கி, பதிலுக்குத் தடுப்பதிகாரம். கொடி ஏற்றுவது ஒருவருக்கு, சாவி இன்னொருவருக்கு.

ஆக, தூதரகம் யாருக்கு என்பதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். உடன்படிக்கையை எடுத்து 'பரஸ்பரம் ஒப்புக்கொள்ளும்', 'கலந்தாலோசிக்கும்' என்ற இரு சொற்கள் வரும் இடங்களைத் தேடுங்கள். முன்னது தடுப்பதிகாரம். பின்னது தகவல் சொல்லும் கடமை. எத்தனை துறைக்கு முன்னது, எத்தனைக்குப் பின்னது என்பதுதான் விலை.

துவாலுவின் ஃபலேபிலி உடன்படிக்கை (கையெழுத்து 2023 நவம்பர், நடைமுறை 2024 ஆகஸ்ட் 28) இந்த வகையில் முழுதாகப் படிக்கத் தக்கது. மக்கள்தொகை 11,000-ஐ ஒட்டிய நாட்டிலிருந்து ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். கடல் ஏறினாலும் துவாலு ஒரு நாடாகத் தொடர்வதை ஆஸ்திரேலியா அங்கீகரிக்கிறது. ஒரு நாடு இன்னொன்றுக்கு இப்படி எழுதிக்கொடுத்தது புதுமை. நான்காம் பிரிவில் மறுபக்கம் இருக்கிறது: பாதுகாப்பு தொடர்பாகத் துவாலு எந்த நாட்டோடு கைகோர்த்தாலும் ஆஸ்திரேலியாவோடு ஒப்புக்கொண்டே செய்ய வேண்டும். 'பாதுகாப்பு' என்றால் ராணுவம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காவல், எல்லைக் காவல், இணையப் பாதுகாப்பு, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்கட்டமைப்பு எல்லாம் அதில் அடக்கம். இந்த வரையறைப் பட்டியல்தான் உடன்படிக்கையின் உயிர். கையெழுத்திட்ட பிரதமர் கௌசியா நடானோ 2024 ஜனவரித் தேர்தலில் தன் இடத்தையே இழந்தார். அடுத்து வந்த ஃபெலெட்டி தியோவின் அரசு இறையாண்மை பற்றி விளக்கக் குறிப்பு வாங்கிக்கொண்டு மேலே நகர்ந்தது. உடன்படிக்கையின் வாசகம் மாறவில்லை.

சாலமன் தீவுகளின் 2022 ஒப்பந்தம் நேர்மாறு. இறுதி வாசகம் இன்றுவரை வெளியாகவில்லை. மார்ச்சில் கசிந்த வரைவில் மூன்று இடங்கள் முக்கியம்: சாலமன் கேட்டால் சீனா காவலர்களையும் படையினரையும் அனுப்பலாம், சாலமன் சம்மதத்தோடு சீனக் கப்பல்கள் வந்து சரக்கு நிரப்பிக்கொள்ளலாம், சீனரையும் சீனத் திட்டங்களையும் காக்கச் சீனப் படையைப் பயன்படுத்தலாம். நான்காவதாக ரகசிய ஷரத்து. 'தளம்' என்ற சொல் வரைவில் கிடையாது, ஆகவே 'தளம் இல்லை' என்று அன்றைய பிரதமர் மனாசே சொகவரே சொன்னது எழுத்தளவில் சரி. 2023 மே மாதம் பாப்புவா நியூ கினி அமெரிக்காவோடு போட்ட ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. லே துறைமுகம், லொம்ப்ரும் கடற்படைத் தளம் உட்பட ஆறு இடங்களின் பெயரே அதில் இருக்கிறது. வாசகம் கையில் இருந்தால்தான் அதை எதிர்த்து வாதாட முடியும்.

நிறைவேறாத ஒப்பந்தங்களும் நல்ல பாடம். வனுவாட்டு 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் போகவே இல்லை. 2025 ஆகஸ்டில் 'நகமால்' என்ற புதிய உடன்பாட்டில் சுருக்கொப்பம்: பத்து ஆண்டுக்கு 50 கோடி ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்பனீசி நேரில் போயும் கையெழுத்து நடக்கவில்லை. முக்கியக் கட்டமைப்புக்கு மற்ற நாடுகளிடம் பணம் வாங்குவதை அந்த வாசகம் கட்டுப்படுத்துமோ என்று கூட்டணிக் கட்சிகளுக்குச் சந்தேகம். சரியான இடத்தில்தான் நிறுத்தினார்கள்.

குக் தீவுகள் இன்னொரு ரகம். 1965 முதல் நியூசிலாந்தோடு சுதந்திர இணைப்பு. மக்கள் கையில் நியூசிலாந்துக் கடவுச்சீட்டு, பையில் நியூசிலாந்து டாலர். 2025 பிப்ரவரியில் பிரதமர் மார்க் பிரவுன் பெய்ஜிங் போய்க் கூட்டுறவு ஒப்பந்தம் போட்டார். கடலடிக் கனிமமும் பேச்சில் இருந்தது. இரு நாடுகளும் செய்த 2001 பிரகடனப்படி முன்கூட்டியே கலந்தாலோசித்திருக்க வேண்டும் என்றது வெல்லிங்டன். ஜூனில் 1.82 கோடி நியூசிலாந்து டாலர் உதவி நிறுத்திவைக்கப்பட்டது. 'கலந்தாலோசனை' என்ற சொல்லை இருவரும் இரண்டு விதமாகப் படித்ததால் வந்த சங்கடம். அந்தச் சொல்லுக்கு எத்தனை நாள் முன்பு, எந்த ஆவணம் என்று எழுதிவைக்காவிட்டால் பலசாலி சொல்வதுதான் பொருள்.

---

வடவைத்தீ பதில்:

மூவரும் நாட்டை ஒரே ஆள் மாதிரி எழுதுகிறீர்கள். 'சாலமன் தீவுகள் முடிவெடுத்தது' என்றால் யார்? ஐம்பது உறுப்பினர் நாடாளுமன்றம். கட்சி என்பது அங்கே தேர்தலுக்குப் பிறகு கூடும் கூட்டம். உறுப்பினரின் பலம் தொகுதி மேம்பாட்டு நிதியில் இருக்கிறது, அதற்குப் பல ஆண்டு பணம் ஊற்றியது தைவான். 2019-இல் தாவியபோது அந்தக் குழாயும் கைமாறியது. உலக அரசியலைவிட அடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானம்தான் அங்கே பலருக்கு அவசரம்.

தாவலுக்கு எதிர்ப்பும் உள்ளூர்க் கணக்கிலேயே வந்தது. மலைட்டா மாகாண முதல்வர் டேனியல் சுய்தானி பெய்ஜிங் பணம் வேண்டாம் என்றார். 2021 நவம்பரில் தலைநகர் ஹோனியாராவில் கலவரம், சைனாடவுன் எரிந்தது. அந்தக் கலவரத்தை அடக்க வந்தது ஆஸ்திரேலியக் காவலர்கள்தான், ஆஸ்திரேலியா தலைமையில் இருந்து 2017-இல் முடிந்த பிராந்தியப் படையின் தொடர்ச்சி மாதிரி. ஆனால் அதிலிருந்து சொகவரே எடுத்துக்கொண்ட முடிவு: தன் ஆட்சியைக் காக்க ஒரே காவல்காரரை நம்பக் கூடாது. அடுத்த ஏப்ரலில் சீன ஒப்பந்தம். வாஷிங்டன் 1993-இல் ஹோனியாரா தூதரகத்தை மூடிவிட்டு, 2023-இல்தான் மறுபடி திறந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் ஆளே இல்லாத வீட்டுக்குத் திடீரென்று உரிமை கொண்டாடுகிறார்கள்.

ஃபிஜியும் இப்படித்தான். 2006-இல் ராணுவத் தளபதி பைனிமராமா புரட்சி செய்தார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தடை போட்டன. 2009-இல் பசிபிக் தீவுகள் மன்றத்திலிருந்து ஃபிஜி இடைநீக்கம். அவர் 'வடக்கே பார்' என்றார். 2011-இல் சீனாவோடு காவல்துறை ஒப்பந்தம். ஆட்சி மாறி ரபுகா பிரதமராக வந்ததும் அதை மறுபரிசீலனை செய்து, சீன அதிகாரிகள் ஃபிஜிக் காவல்துறைக்குள் அமர்ந்து வேலை பார்ப்பதை நிறுத்தினார், ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடவில்லை. (1987-இல் இரண்டு புரட்சி செய்தவர் இதே ரபுகா. அன்று அவர் கவிழ்த்தது இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு வந்த அரசை. 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர், தெலுங்கரின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு.)

சீனா கடன் கொடுத்துச் சொத்தைப் பறிக்கிறது என்ற 'கடன் பொறி' பேச்சிலும் ஒரு திருத்தம். இங்கே உண்மையான கடன் சுமை டோங்காவுக்கு. 2006 கலவரத்தில் எரிந்த தலைநகர் நுகுஅலோபாவின் கடைவீதியை மீண்டும் கட்டச் சீன எக்ஸிம் வங்கியில் வாங்கியது. 2018 வாக்கில் வெளிக்கடனில் பாதிக்கும் மேல் அது ஒன்றே. 2018 ஆகஸ்டில் பிரதமர் அகிலிசி போஹிவா, தீவுகள் எல்லாம் சேர்ந்து கடன் தள்ளுபடி கேட்போம் என்றார். சில நாளில் பேச்சை மாற்றிக்கொண்டார். ஆண்டு முடிவில் டோங்கா சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் சேர்ந்தது, தவணைக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கிடைத்தது. துறைமுகம் எதுவும் பறிபோகவில்லை. அவகாசம் கேட்டுப் போக வேண்டிய நிலைதான் அங்கே பிடி. சமோவாவில் 2021-இல் ஃபியாமே பிரதமராக வந்ததும் சுமார் 10 கோடி டாலர் வையுசு விரிகுடாத் துறைமுகத் திட்டத்தை வேண்டாம் என்று கைவிட்டார், ஒரு ரகளையும் இல்லை.

---

நெய்தல்மணி:

எல்லோருக்கும் நன்றி. 'பரஸ்பரம் ஒப்புக்கொள்ளும்' என்ற இடத்தைத் தேடுவது உடனே பயன்படும். இரண்டு சந்தேகம். பத்துத் தீவுகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட்டால் நல்லதுதானே, 2022-இல் சீனா அதைத்தானே கேட்டது, ஏன் மறுத்தார்கள்? 2025-இல் அமெரிக்கா உதவியை வெட்டிய பிறகு இந்தக் கணக்கில் என்ன மாறியது?

---

கடலோடி பதில்:

முதல் சந்தேகம். 2022 மே கடைசியில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ எட்டு நாட்டுச் சுற்றுப்பயணம் வந்தார். காவல், இணையப் பாதுகாப்பு, கடல் வரைபடம், வர்த்தகம் எல்லாம் அடங்கிய வரைவு பத்து நாடுகளுக்கும் போனது. மே 30 அன்று ஃபிஜித் தலைநகர் சுவாவில் கூட்டம், அங்கேயே ஒப்புதல் வேண்டும் என்பது திட்டம். மைக்ரோனேசிய அதிபர் டேவிட் பனுவேலோ முன்கூட்டியே மற்றத் தலைவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். உள்ளடக்கத்தைவிட முறைதான் கெடுத்தது. மன்றத்தில் எதுவும் முதலில் அதிகாரிகள், பிறகு அமைச்சர்கள், கடைசியில் தலைவர்கள் என்று படிப்படியாகத்தான் ஏறும். எல்லோரும் தலையசைத்த பிறகே முடிவு. பல நாடுகளின் வெளியுறவுத் துறையில் சட்ட வரைவு பார்க்க ஓரிருவர்தான் இருப்பார்கள். சில நாட்களில் இத்தனை துறை அடங்கிய வாசகத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னால் 'பிறகு பார்க்கலாம்' என்பதுதான் பதில். கூட்டாக விற்பது வேறு, கூட்டாக வாங்கப்படுவது வேறு. சூரை விஷயத்தில் வரைவை எழுதியது தீவுகள்.

இரண்டாவது. 2022 செப்டம்பரில் பைடன் தீவுத் தலைவர்களை வாஷிங்டனுக்கு அழைத்து 81 கோடி டாலர் அறிவித்தார். அதில் 60 கோடி சூரை உடன்படிக்கையோடு சேர்ந்தது, ஆண்டுக்கு 6 கோடி வீதம் பத்து ஆண்டு. 2025 ஜனவரியில் பாரிஸ் தட்பவெப்ப ஒப்பந்தத்திலிருந்து விலகல் அறிவிப்பு, ஜூலை 1-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடல். ஏப்ரலில் ஃபிஜிக்கு 32 சதவீத வரி அறிவித்து ஆகஸ்டில் 15 ஆக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது: அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக நிறைவேற்றிய பணம் ஒருவகை, நிர்வாகம் திட்டமாக அறிவித்த பணம் இன்னொருவகை. சுதந்திர இணைப்பின் 710 கோடி முதல் வகை, அது நிற்கிறது. தட்பவெப்பத் திட்டங்கள், பயிற்சிகள் இரண்டாம் வகை; முதலில் போனது அதுதான். உச்சிமாநாட்டில் யாராவது ஒரு தொகையை அறிவித்தால், எத்தனை சதவீதம் சட்டப்படி கட்டாயம் என்று பிரித்துப் பாருங்கள்.

காலியான இடத்தைச் சீனா முழுதாக நிரப்பிவிடும் என்பது மிகை. உதவித் தொகையில் ஆஸ்திரேலியா எப்போதுமே முதலிடம். அதன் பயம் கூடியிருப்பதால் கொடுப்பதும் கூடியிருக்கிறது: 2024 டிசம்பரில் சாலமன் காவல்துறைக்கு 19 கோடி ஆஸ்திரேலிய டாலர், 2025 அக்டோபரில் பாப்புவா நியூ கினியோடு 'புக்புக்' பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை. புக்புக் என்றால் டோக் பிசின் மொழியில் முதலை. ரக்பி அணியும் சேர்ந்தது: பத்து ஆண்டுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர், 2028 முதல் பாப்புவா நியூ கினி அணி ஆஸ்திரேலிய லீக்கில் ஆடும். சீனாவைப் பாதுகாப்புக்குள் விட்டால் அணி போய்விடும் என்பது உள்ளர்த்தம். ஊரே ரக்பி பைத்தியமாக இருக்கும் நாட்டில் இதைவிடக் கெட்டியான ஷரத்து எழுத முடியாது.

தீவுகளின் எதிர்வினையில் புதியது ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் ஹோனியாரா மன்றக் கூட்டத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வெளிக் கூட்டாளி நாடுகளை யாரையுமே அழைக்கவில்லை. சீனா, அமெரிக்கா, தைவான் எல்லோருக்கும் கதவடைப்பு. 1992-இல் மன்றம் தைவானுக்குக் கொடுத்த இடத்தைப் பறிக்கச் சாலமன் பார்க்கிறது என்று சிலர் குற்றம் சாட்டினார்கள், அது அடிப்படையில்லாத சந்தேகம் அல்ல. முந்தைய ஆண்டு டோங்காவில் வெளியிட்ட கூட்டறிக்கையிலிருந்து தைவான் பெயர் வந்த பத்தி, சீனத் தூதர் சத்தம் போட்ட பிறகு காணாமல் போயிருந்தது. ஆனால் ஹோனியாராவில் தலைவர்கள் தமக்குள் பேச நேரம் கிடைத்தது என்பதும் உண்மை. அழைப்பே இல்லாத விருந்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்ற சண்டை வராது.

---

கணக்குப்பிள்ளை பதில்:

ஒரு சின்னச் சேர்க்கை. ஒப்பந்தத்தில் நாட்டின் பெயரைப் பார்ப்பதோடு, வேலையை யார் செய்கிறார் என்றும் பாருங்கள். நௌருவின் ஐவோ துறைமுகத்துக்குப் பணம் போட்டது ஆசிய வளர்ச்சி வங்கி, பசுமைத் தட்பவெப்ப நிதி, ஆஸ்திரேலியா. நாடு அப்போது தைவான் பக்கம். டெண்டரில் வேலை எடுத்தது சீனா ஹார்பர் நிறுவனம். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற விதி இருக்கும்வரை அப்படித்தான்.

கேபிளில் இதன் மறுபக்கம். நௌரு, கிரிபாட்டி, மைக்ரோனேசியா மூன்றையும் இணைக்கும் கடலடி கேபிளுக்கு உலக வங்கி தலைமையில் டெண்டர் விட்டார்கள். சீன நிறுவனம் குறைந்த விலை கேட்டதும் அமெரிக்கா ஆட்சேபித்தது. 2021-இல் டெண்டரே ரத்து. பிறகு அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்து தாங்களே பணம் போட்டுக் கேபிளை எடுத்துக்கொண்டன. தீவுகளுக்கு இணைப்பு சில ஆண்டு தள்ளிப்போனது, ஆனால் உலக வங்கிப் பணத்துக்குப் பதிலாக அந்த மூன்று நாடுகளின் பணம் வந்தது. சாலமனுக்கும் முன்பே இப்படி நடந்தது: சீன நிறுவனமான ஹுவாவேயோடு 2017-இல் பேசிய கேபிளை நிறுத்தி, மூன்றில் இரண்டு பங்குச் செலவை ஆஸ்திரேலியா ஏற்றது. அதே சாலமன் 2022-இல் 161 செல்பேசிக் கோபுரங்களுக்குச் சீனக் கடனை எடுத்து ஹுவாவேயிடமே வேலையைக் கொடுத்தது.

கேபிளுக்கு ஒருவர், கோபுரத்துக்கு இன்னொருவர். நெய்தல்மணி, உங்கள் இரண்டு பட்டியலிலும் சாலமனையும் எழுதிக்கொள்ளுங்கள்.